போன் மாறினால் நம்பர் எங்கே போகிறது?

தீபாவளித் தள்ளுபடியில் போன் வாங்கிய மும்பைத் தமிழர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் உட்கார்ந்து கடிதம் போட்டீர்கள் போலிருக்கிறது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான்: ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கோ, ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கோ தாவினேன், நம்பர்கள் வந்து சேரவில்லை. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பல வருடமாக ஆண்ட்ராய்டு வைத்திருந்தேன். மகன் ஐபோன் வாங்கிக் கொடுத்தான். லேமிங்டன் ரோடில் ஒரு கடையில் நம்பர்களை மாற்றித் தரச் சொன்னேன். கடைப் பையன் எல்லாவற்றையும் சிம்மில் ஏற்றி, சிம்மிலிருந்து புது போனில் இறக்கினான். பாதிப் பேரைக் காணோம், வந்தவர்களின் பெயரும் அரைகுறையாக இருக்கிறது. பழைய போன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. – வாசகி, செம்பூர்

பதில்: பழைய போன் கையில் இருக்கிறது என்கிறீர்களே, அப்போது ஒன்றும் போய்விடவில்லை. முதலில் அதை ரீசெட் பண்ணாமல், யாருக்கும் கொடுக்காமல் பீரோவில் வையுங்கள்.

நடந்தது என்னவென்றால், சிம் கார்டு என்பது கீபேட் போன் காலத்துச் சமாசாரம். பெரும்பாலான சிம்களில் 250 பெயர் வாக்கில்தான் பிடிக்கும், அதற்கு மேல் இருப்பதை அது எடுத்துக்கொள்ளாது, எடுத்துக்கொள்ளவில்லை என்று சத்தம் போட்டுச் சொல்லவும் சொல்லாது. பெயருக்கும் கொஞ்சம் இடம்தான். 'பிளம்பர் சயான் ஸ்டேஷன் பக்கம் பழையவர்', 'பிளம்பர் சயான் ஸ்டேஷன் பக்கம் புதியவர்' என்று நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்டு வைத்ததெல்லாம் சிம்முக்குப் போனதும் இரண்டும் ஒரே 'பிளம்பர் சயான்' ஆகிவிடும், பிறகு எந்த ஆள் குழாயைக் கெடுத்தவர், எந்த ஆள் சரி செய்தவர் என்று கூப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெயருக்கு இரண்டு மூன்று நம்பர் வைத்திருந்தால் அதுவும் சிதறும் அல்லது ஒன்றுதான் தங்கும். போட்டோ, மெயில், முகவரி எதுவும் வராது. இவ்வளவு இருந்தும் கடைகளில் இன்னமும் சிம் வழியாகவே ஏன் செய்கிறார்கள் என்றால், பாஸ்வேர்டு கேட்க வேண்டாம், சீக்கிரம் முடியும், அவ்வளவுதான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஆண்ட்ராய்டில் ஒரு நம்பர் மூன்று இடத்தில் இருக்கலாம்: சிம்மில், போனின் சொந்த நினைவகத்தில், அல்லது உங்கள் ஜிமெயில் கணக்கில். காண்டாக்ட்ஸ் ஆப்பைத் திறந்தால் மூன்றும் சேர்ந்து ஒரே பட்டியலாகத் தெரியும், அதனால்தான் எல்லாம் ஓர் இடத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நீங்கள் எல்லாவற்றையும் ஜிமெயில் கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. சாம்சங் போன் என்றால் காண்டாக்ட்ஸ் ஆப்பின் மெனுவில் 'மேனேஜ் காண்டாக்ட்ஸ்', அதற்குள் 'மூவ் காண்டாக்ட்ஸ்' இருக்கும். போனிலிருந்து கூகுளுக்கு என்று தேர்ந்தெடுங்கள். மற்ற போன்களில் கூகுளின் காண்டாக்ட்ஸ் ஆப்பை வைத்துக்கொண்டு, அதன் செட்டிங்ஸில் சிங்க் (போனில் இருப்பதும் கணக்கில் இருப்பதும் ஒன்றாக இருக்கும்படி செய்வது) பகுதிக்குப் போய், போனில் உள்ள நம்பர்களையும் சேர்த்து சிங்க் செய்யும் வசதியை ஆன் செய்யுங்கள்.

செய்து முடித்ததும் நம்பிவிடாதீர்கள். மகனின் லேப்டாப்பில் காண்டாக்ட்ஸ் டாட் கூகுள் டாட் காம் திறந்து, உங்கள் ஜிமெயிலில் நுழைந்து பாருங்கள். மேலே மொத்தம் எத்தனை பெயர் என்று எண்ணிக்கை காட்டும். பழைய போனில் இருக்கும் எண்ணிக்கையும் இதுவும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். அங்கே இல்லாத பெயர் ஐபோனிலும் வராது.

அப்புறம் ஐபோன். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் காண்டாக்ட்ஸ், அதற்குள் அக்கவுன்ட்ஸ் (ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் கொஞ்சம் பழையது என்றால் செட்டிங்ஸிலேயே நேராகக் காண்டாக்ட்ஸ் இருக்கும்). 'ஆட் அக்கவுன்ட்' தட்டி, கூகுளைத் தேர்ந்தெடுத்து, ஜிமெயிலில் நுழைந்து, காண்டாக்ட்ஸ் சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வைஃபையில் விட்டுவிட்டு ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தால் வந்து இறங்கியிருக்கும்.

கடைப் பையன் இறக்கிய அரைகுறைப் பெயர்கள்? அவை பெரும்பாலும் ஐகிளவுட் (ஜிமெயில் கணக்கு மாதிரி ஆப்பிளின் சொந்தக் கணக்கு) பட்டியலில் உட்கார்ந்திருக்கும். காண்டாக்ட்ஸ் ஆப்பில் 'லிஸ்ட்ஸ்' பக்கத்துக்குப் போனால் ஐகிளவுட் தனியாகவும் ஜிமெயில் தனியாகவும் தெரியும். ஐகிளவுட் பட்டியலைத் திறந்து, இரண்டு விரலைச் சேர்த்து வைத்து மேலிருந்து கீழே இழுத்தால் வரிசையாகத் தேர்வாகும், பிறகு அழுத்திப் பிடித்து டெலீட். ஜிமெயிலில் எல்லாம் வந்துவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள். கடைசியாக அதே காண்டாக்ட்ஸ் செட்டிங்ஸில் 'டிஃபால்ட் அக்கவுன்ட்' என்று ஒன்று இருக்கும், அதை ஜிமெயில் ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் இனிமேல் சேமிக்கும் நம்பர்கள் ஐகிளவுடில் சேரும், அடுத்த முறை போன் மாற்றும்போது திரும்பவும் எனக்கே எழுதுவீர்கள்.

ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப்பை ஏன் சொல்லவில்லை என்று மகன் கேட்பார். நல்ல ஆப்தான், 2015 முதல் இருக்கிறது, நம்பர், போட்டோ, எஸ்எம்எஸ் எல்லாம் சேர்த்துக் கொண்டுவரும். ஆனால் ஐபோனை முதன்முதலில் செட்டப் செய்யும்போது மட்டும்தான் அந்த வழி திறக்கும். நீங்கள் ஏற்கெனவே செட்டப் முடித்துவிட்டீர்கள், நம்பருக்காக மட்டும் போனை அழித்து மறுபடி ஆரம்பிக்கத் தேவையில்லை.

கேள்வி: எனக்கு நேர் எதிர்ப் பயணம். ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு வந்தேன். ஐபோனில் என் ஜிமெயிலைப் போட்டு, காண்டாக்ட்ஸ் சுவிட்சையும் ஆன் செய்து, ஒரு நாள் முழுக்க விட்டும் வைத்தேன். புதுப் போனில் அதே ஜிமெயிலைப் போட்டால் நாலைந்து பெயர்தான் வருகிறது. கூகுள் ஏமாற்றுகிறதா? – வாசகர், டோம்பிவிலி

பதில்: ஏமாற்றவில்லை. அந்த சுவிட்சைப் பற்றி அனேகம் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அது கூகுளில் இருப்பதை ஐபோனில் காட்டும், ஐபோனில் ஏற்கெனவே ஐகிளவுடில் கிடப்பதைத் தூக்கி கூகுளில் போடாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கணக்குகள், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது.

ஐபோன் இன்னும் இருந்தால் வழி சுலபம். கம்ப்யூட்டரில் ஐகிளவுட் டாட் காம் போய், காண்டாக்ட்ஸ் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'எக்ஸ்போர்ட் விகார்டு' கொடுங்கள். எல்லாப் பெயரும் நம்பரும் அடங்கிய ஒரே ஒரு ஃபைல் இறங்கும், அதற்குப் பெயர்தான் விகார்டு. அதே கம்ப்யூட்டரில் கூகுள் காண்டாக்ட்ஸ் தளத்தைத் திறந்து 'இம்போர்ட்' கொடுத்து அந்த ஃபைலைக் காட்டினால் முடிந்தது. கம்ப்யூட்டர் இல்லையா, ஐபோனின் காண்டாக்ட்ஸ் ஆப்பிலேயே 'லிஸ்ட்ஸ்' பக்கத்தில் பட்டியலின் பெயரை அழுத்திப் பிடித்தால் 'எக்ஸ்போர்ட்' வரும் (ஐஓஎஸ் 16இல் வந்த வசதி), உங்களுக்கே மெயில் போட்டுக்கொண்டு, ஆண்ட்ராய்டில் அதைத் திறங்கள். எந்தக் கணக்கில் சேமிக்கட்டும் என்று கேட்கும்போது அவசரத்தில் 'டிவைஸ்' என்று தட்டிவிடாமல் ஜிமெயிலைத் தட்டுங்கள்.

கேள்வி: எல்லாப் பெயரையும் தமிழில்தான் வைத்திருக்கிறேன். பழைய ஆண்ட்ராய்டிலிருந்து விகார்டு ஃபைல் எடுத்து நோட்பேடில் திறந்து பார்த்தால் சமக்குறியும் எண்ணும் இங்கிலீஷ் எழுத்துமாகக் குப்பையாக இருக்கிறது. போச்சா? – வாசகர், தாராவி

பதில்: போகவில்லை, அது குப்பையும் இல்லை. உங்கள் தமிழ்தான், வேறு வேஷத்தில் இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்கள் இன்றும் விகார்டு 2.1 என்ற பழைய வடிவத்தில்தான் ஃபைல் எடுக்கின்றன, அது தொண்ணூறுகளின் நடுவில் வந்தது, இங்கிலீஷ் அல்லாத எழுத்தை அப்படியே எழுதாமல் ஒவ்வொரு பைட்டையும் (கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் சின்ன அலகு) ஒரு சமக்குறியும் அதன் பின்னால் இரண்டு எழுத்துமாக மாற்றிப் போடும். தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட். 'அம்மா' என்பதற்கு கம்ப்யூட்டர் கணக்கில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடு, அதாவது 15 பைட், பைட்டுக்கு மூன்று எழுத்தாக ஆக மொத்தம் 45 எழுத்து. நோட்பேடில் நீங்கள் பார்த்த நீளமான வரி ஒன்று உங்கள் அம்மாவாகவே இருக்கலாம்.

அந்த ஃபைலில் கை வைக்காதீர்கள், திருத்திச் சேமிக்காதீர்கள். நீளமான வரிகளை அது நடுவில் மடித்துப் போட்டிருக்கும், சில ஆப்களுக்கு அந்த மடிப்பு புரியாமல் பெயரைப் பாதியில் வெட்டிவிடும். அதனால் புதுப் போனில் நேராகத் திறக்காமல் முதலில் கூகுள் காண்டாக்ட்ஸ் தளத்தில் இம்போர்ட் செய்து, அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு போனில் கணக்கைச் சேருங்கள்.

கேள்வி: புது ஐபோனில் எல்லாம் சரியாக வந்தது. பழைய ஆண்ட்ராய்டை மச்சினனுக்குக் கொடுத்தேன். அவன் "அத்திம்பேர் நம்பரெல்லாம் எனக்கு எதற்கு" என்று உட்கார்ந்து அத்தனையையும் டெலீட் செய்திருக்கிறான். மறுநாள் காலை என் ஐபோனும் காலி! – வாசகர், முலுண்ட்

பதில்: மச்சினனைத் திட்டாதீர்கள், அவர் நல்ல பிள்ளையாகத்தான் நடந்திருக்கிறார். பழைய போனில் உங்கள் ஜிமெயில் கணக்கை எடுக்காமலே கொடுத்துவிட்டீர்கள், அவர் அழித்தது போனில் இருந்ததை இல்லை, கணக்கில் இருந்ததை. ஐபோன் அந்தக் கணக்கைப் பார்த்துத் தானும் அழித்துக்கொண்டது.

இன்றைக்கே செய்யுங்கள், ஏனென்றால் இதற்கு 30 நாள்தான் கெடு. கூகுள் காண்டாக்ட்ஸ் தளத்தில் 'பின்' என்று குப்பைத் தொட்டி இருக்கிறது, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'ரெகவர்' கொடுங்கள். அல்லது செட்டிங்ஸ் சக்கரத்தைத் தட்டி 'அண்டூ சேஞ்சஸ்' கொடுத்தால் நேற்றைக்கு, போன வாரத்துக்கு என்று முழுப் பட்டியலையும் பின்னால் கொண்டுபோகலாம்; அதற்கும் 30 நாள் வரைதான். ஆனால் அதற்குப் பிறகு சேர்த்த பெயர்கள் போய்விடும், அதனால் முதலில் 'பின்' வழியைப் பாருங்கள். பிறகு மச்சினனை வரச் சொல்லி, அந்தப் போனில் உங்கள் கணக்கை எடுத்துவிட்டு, ஃபேக்டரி ரீசெட் பண்ணிக் கொடுங்கள். ரீசெட் செய்தால் போன்தான் காலியாகும், கணக்குக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொன்றாக டெலீட் செய்வதுதான் ஆபத்து.

கேள்வி: சென்னை நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு இங்கே வந்து வேறு கம்பெனிக்கு போர்ட் செய்தேன். நம்பர் அதேதான், ஆனால் சேமித்த பெயர்கள் போய்விட்டன. – வாசகி, சயான்

பதில்: 2015 ஜூலையிலிருந்து ஒரு மாநிலத்து நம்பரை இன்னொரு மாநிலத்தில் போர்ட் செய்துகொள்ள முடிகிறது, நல்ல வசதி. ஆனால் கம்பெனி மாறும்போது சிம் புதிது, பழைய சிம்மில் இருந்த பெயர்களை யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் தேடுங்கள். டவர் கிடைக்காத செத்த சிம்மாக இருந்தாலும் சில்லுக்குள் பெயர்கள் அப்படியே இருக்கும். எந்த ஆண்ட்ராய்டிலும் செருகி, காண்டாக்ட்ஸ் ஆப்பில் சிம்மிலிருந்து இம்போர்ட் கொடுத்து ஜிமெயிலில் சேமியுங்கள்.

கையோடு இன்னொன்று. வெறும் எட்டு எண்ணாகச் சேமித்த ஊர் லேண்ட்லைன்களை எடுத்து முன்னால் 044 போடுங்கள், மும்பையில் உட்கார்ந்து எஸ்டிடி கோடு இல்லாமல் அடித்தால் அத்தை வீட்டுக்குப் போகாது. துபாய், சிங்கப்பூர் சொந்தங்களுக்குப் பிளஸ் குறியோடு நாட்டு எண் வேண்டும், இல்லையென்றால் வாட்ஸ்அப் அவர்களை உங்கள் பட்டியலில் காட்டாது.

கேள்வி: நம்பர் வந்தால் வாட்ஸ்அப் சாட்டும் கூடவே வந்துவிடும்தானே? – வாசகர், மாட்டுங்கா

பதில்: வராது. ஆண்ட்ராய்டின் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்கில் இருக்கிறது, ஐபோன் அதை எடுக்காது. ஐபோனின் பேக்கப் ஐகிளவுடில், ஆண்ட்ராய்டு அதை எடுக்காது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறீர்கள் என்றால் மேலே சொன்ன 'மூவ் டு ஐஓஎஸ்' வழியாக வாட்ஸ்அப்பையும் மாற்றலாம், 2022 முதல் அந்த வசதி இருக்கிறது. ஐபோன் புதிதாகவோ ரீசெட் செய்ததாகவோ இருக்க வேண்டும், நம்பர் அதேதான் இருக்க வேண்டும், இரண்டு போனும் சார்ஜரில் செருகி ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். நீங்கள் இன்னும் போனைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது, செட்டப் செய்யும்போதே இதையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.