ஆப்பிரிக்காவுக்குப் போய் நெல் சாகுபடி சொல்லித்தர அரசு அனுப்புமா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் நெல் விவசாயம் செய்கிறேன். வயது 56, படிப்பு பத்தாவது. பதினைந்து வருடமாகத் திருந்திய நெல் சாகுபடிதான் (இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக இடைவெளி விட்டு நடும் முறை). ஆப்பிரிக்க நாட்டு விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்க நம் அரசே செலவு செய்து ஆள் அனுப்புகிறது என்கிறார்கள். உண்மையா? யாரிடம் விண்ணப்பிப்பது? பதிவுக் கட்டணமாக 40,000 ரூபாய் கட்டினால் ஏற்பாடு செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: முதலில் அந்த 40,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள் ஐயா. இந்த வகை அரசுத் திட்டம் எதிலும் பதிவுக் கட்டணம், தரகர் என்ற பேச்சே கிடையாது. பணம் கேட்டாலே ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. ஐடெக் என்று ஒரு திட்டம் இருக்கிறது. முழுப் பெயர் இந்தியத் தொழில்நுட்பப் பொருளாதார ஒத்துழைப்பு. 1964 செப்டம்பரில் தொடங்கியது, நடத்துவது வெளியுறவு அமைச்சகம். சுமார் 160 நாடுகள் இதில் பங்காளிகள். பெரும்பகுதி வேலை, அந்த நாட்டு அலுவலர்களை இங்கே வரவழைத்துப் பயிற்சி கொடுப்பது. விமானச் செலவு, தங்குமிடம், கைச்செலவு எல்லாம் நம் அரசுடையது. வேளாண் விரிவாக்கம், அதாவது புதிய முறைகளை விவசாயிகளிடம் கொண்டுசேர்ப்பது என்றால், ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனமான ‘மேனேஜ்’ நிறுவனம் முக்கியமான இடம்.

இதே ஐடெக்கில் நம் நிபுணர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் பிரிவும் உண்டு. ஆனால் அது விண்ணப்பம் போட்டுப் போகிற வேலை அல்ல. அந்த நாட்டு அரசு, ‘எங்களுக்கு இன்ன துறையில் ஆள் வேண்டும்’ என்று அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகக் கேட்க வேண்டும். பிறகு இங்கே அமைச்சகம் பொருத்தமான ஆளைத் தேடும். தேடுவதும் பெரும்பாலும் அரசுத் துறைகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும்தான். மற்ற வழிகளிலும் நிறுவனங்களே முன்னால் நிற்கும். மியன்மாரில் நெல் உயிரிப் பூங்கா (வைக்கோல், உமி, தவிடு என நெற்பயிரின் எல்லாப் பாகங்களையும் பயன்படுத்தக் கற்றுத்தரும் இடம்) அமைக்க வெளியுறவு அமைச்சகம் பொறுப்பு கொடுத்தது சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்திடம். தனி விவசாயி நேராக உள்ளே போக இதில் கதவு இல்லை.

அமெரிக்காவில் அப்படி ஒரு கதவு இருந்தது. 1985இல் சட்டம் போட்டு ‘விவசாயியிடமிருந்து விவசாயிக்கு’ என்றே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அனுபவமுள்ள விவசாயி சம்பளமில்லாமல் சில வாரம் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவார், செலவு மட்டும் அரசு பார்த்துக்கொள்ளும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் முதலில் மோதிய விமானத்தின் விமானி ஜான் ஒகனாவ்ஸ்கியின் பெயரைப் பின்னாளில் அதற்கு வைத்தார்கள். அவரும் விவசாயிதான். கம்போடியாவிலிருந்து வந்து குடியேறியவர்களுக்குத் தன் ஊரில் நிலம் கொடுத்துப் பயிர்செய்ய உதவியவர். அந்தத் திட்டத்தை நடத்திவந்த, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு 2025 ஜூலையோடு இழுத்து மூடப்பட்டது. மேனேஜில் ஆப்பிரிக்க, ஆசிய அலுவலர்களுக்கு 2016 முதல் நடந்த ஒரு கூட்டுப் பயிற்சிக்கும் அந்த அமைப்புதான் பணம் கொடுத்துவந்தது. அரசுப் பணத்தில் ஓடும் எதையும் நிரந்தரம் என்று நம்பிவிடக்கூடாது.

சரி, உங்களுக்கு என்ன வழி? நீங்கள் ஆப்பிரிக்காவுக்குப் போவதைவிட ஆப்பிரிக்கா உங்கள் வரப்புக்கு வருவது சுலபம். பயிற்சிக்கு வருகிறவர்களை வகுப்பிலேயே உட்காரவைக்க முடியாது, வயலுக்கு அழைத்துப் போயாக வேண்டும். நல்ல வயலும் வாய்திறந்து பேசும் விவசாயியும் கிடைப்பதுதான் ஏற்பாடு செய்கிறவர்களுக்குத் தலைவலி. நானே அந்த வேலையில் அலைந்தவன்.

ஒருமுறை கிழக்கு ஆப்பிரிக்க அலுவலர்கள் சிலரை டெல்டாவில் ஒரு வயலுக்குக் கூட்டிப்போனேன். வயல்காரர் பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, இருபத்திரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஒருவர் காலணியைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். களை எடுக்கும் உருளைக் கருவியான கோனோவீடரை இரண்டு சால் தள்ளிப் பார்த்தார். பிறகு அதை வரப்பில் கவிழ்த்துப் போட்டு, உருளையின் அச்சை விரலால் ஆட்டியபடி கேட்டார்: “இது தேய்ந்துபோனால் யார் சரிசெய்வார்?” வயல்காரர் சிரித்துவிட்டு, “கடைத்தெருவில் லேத் பட்டறை இருக்கு, அரை நாளில் முடிச்சிடுவான்” என்றார். அப்புறம் மகசூல் பேச்சே எடுபடவில்லை. எல்லோரும் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்கள், ஒரு மணி நேரம் அங்கேயே நின்றோம். மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

உங்களிடம் அவர்கள் கேட்கப்போவதும் இதுபோலத்தான் இருக்கும். எவ்வளவு விளைகிறது என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. களை எடுக்கும் கருவியை யார் செய்கிறார், நாற்று பிடுங்கத் தெரிந்த ஆளுக்கு என்ன கூலி, தண்ணீர் முறை வராத வாரத்தில் என்ன செய்தீர்கள், முதல் வருடம் எங்கே தோற்றீர்கள் என்பதெல்லாம் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. இன்னொன்று: திருந்திய நெல் சாகுபடியே ஆப்பிரிக்கப் பக்கத்துச் சரக்கு. 1980களில் மடகாஸ்கரில் ஆன்ரி து லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அந்த ஊர் விவசாயிகளோடு சேர்ந்து உருவாக்கியது. நாம் அதை வாங்கி நம் ஊருக்குத் தோதாக மாற்றிக்கொண்டோம். வருகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சட்டென்று நெருங்கிவிடுவார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய், வெளியிலிருந்து வரும் பயிற்சிக் குழுக்களுக்கு உங்கள் வயலைக் காட்டத் தயார் என்று எழுத்தில் கொடுங்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலும் அதையே செய்யுங்கள். வட்டார வேளாண்மை அலுவலகத்தில், விவசாயிகளுக்குப் பயிற்சியும் செயல்விளக்கமும் நடத்தும் அட்மா திட்டத்தின் பொறுப்பாளரைப் பாருங்கள். முதலில் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் வருவார்கள், பிறகு வெளிமாநிலம். வெளிநாட்டுக் குழு வர இரண்டு மூன்று வருடம்கூட ஆகலாம்.

ஆங்கிலம் தெரியாததை நினைத்துத் தயங்க வேண்டாம், மொழிபெயர்க்க ஆள் இருப்பார். கணக்குதான் இடிக்கும். ஏக்கருக்கு நாற்பது மூட்டை என்றால் அவர்களுக்குப் புரியாது. மூட்டைக்கு 60 கிலோ என்று வைத்தால் ஏக்கருக்கு 2,400 கிலோ, ஹெக்டேருக்குக் கிட்டத்தட்ட 5.9 டன். விதை, கூலி, களையெடுத்த நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். பதினைந்து வருட அனுபவம் என்று வாயால் சொல்வதைவிட மூன்று வருட நோட்டு அதிகம் பேசும்.

நேரில் போயே ஆக வேண்டும் என்ற ஆசை விடவில்லையென்றால் ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு இருக்கிறது. 35 வயதுக்கு மேல் நிபுணர் பிரிவில் சேரலாம், உச்சவரம்பு 80. ஆனால் பட்டப்படிப்பு கேட்பார்கள், ஆங்கிலமோ பிரெஞ்சோ வேண்டும். உங்கள் பிள்ளைகளில் யாராவது வேளாண் படிப்பு படித்திருந்தால் அவர்களுக்கு இந்த வழியைக் காட்டுங்கள்.

இந்தச் சம்பாவிலேயே தொடங்கலாம். ரோட்டை ஒட்டிய வயலில் ஒரு மா நிலத்தில் (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) மட்டும் பழைய முறையில் நடுங்கள், பக்கத்திலேயே திருந்திய முறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரப் பலகை. அதில் ஏக்கர் கணக்கோடு ஹெக்டேர் கணக்கையும் எழுதிவிடுங்கள்.