டிராஃப்டா, கல்லூரியா: பிட்சர் மகனை வைத்துக்கொண்டு தவிக்கும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் மகன், நம் தம்பி, இந்த ஆண்டு ஹைஸ்கூல் முடிக்கிறார், பேஸ்பாலில் பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, மணிக்கு 94 மைல் வேகத்தில் வீசுகிறார், டெக்ஸஸில் உங்கள் வீடு தேடி அணிகளுக்கு ஆள் பார்க்கும் ஸ்கவுட்கள் வந்துபோகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பக்கம் நல்ல பல்கலைக்கழகத்தின் ஸ்காலர்ஷிப், இன்னொரு பக்கம் ஜூலையில் மேஜர் லீக் டிராஃப்ட், அதாவது உச்ச நிலைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. படிப்பை விட்டுவிட்டுப் பந்து வீசப் போனான் என்று ஊரில் பேசுவார்களே என்ற கவலையையும் சொல்லியிருந்தீர்கள். ஊருக்கு என்ன சொல்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது நீங்களும் கணவரும் தம்பியும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது ஒரு தொகையை. இதற்குக் கீழே கொடுத்தால் கையெழுத்துப் போட மாட்டோம் என்று ஓர் எண். அதை டிராஃப்டுக்கு முன்பே தாளில் எழுதிவிடுங்கள்.

ஏன் முன்பே என்று சொல்கிறேன். டிராஃப்டில் இப்போது 20 சுற்றுகள், முன்பு இன்னும் அதிகம் இருந்தன. முதல் 10 சுற்றுகளில் ஒவ்வோர் இடத்துக்கும் இவ்வளவு டாலர் என்று ஒரு மதிப்பு இருக்கும், ஸ்லாட் என்பார்கள். ஓர் அணிக்குக் கிடைத்த இடங்களின் ஸ்லாட்டுகளைக் கூட்டினால் வருவதுதான் அந்த அணியின் போனஸ் பட்ஜெட், அதாவது கையெழுத்துப் போடும் வீரர்களுக்குத் தரும் தொகைக்கான பட்ஜெட். ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்து, மிச்சத்தை இன்னொருவருக்குக் கூட்டிக் கொடுக்கலாம். பட்ஜெட்டை 5 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் வருங்கால டிராஃப்ட் இடமே பறிபோகும் என்பதால் எல்லா அணிகளும் கணக்குப் பார்த்துத்தான் எடுக்கும். அதனால் பெயரை அறிவிப்பதற்கு முன்பே உங்கள் சார்பில் பேசும் ஆலோசகருக்கு, அதாவது ஏஜென்டுக்கு, போன் வரும்: "இந்த இடத்தில் எடுத்தால் இவ்வளவுக்கு வருவாரா?" அவர் உடனே உங்களைக் கூப்பிடுவார். டிவியில் அடுத்த பெயர் வர ஓரிரு நிமிடம்தான் இருக்கும். ஹாலில் சொந்தக்காரர்கள், தம்பியின் நண்பர்கள், கோச், மேஜையில் கேக். எல்லோருடைய கண்ணும் உங்கள் முகத்தில். அந்த நிமிடத்தில் உட்கார்ந்து வரிக்கணக்கெல்லாம் போட முடியாது அம்மா. கையில் எண் இருந்தால் "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ நிதானமாகச் சொல்லலாம்.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். 5 லட்சம் டாலர் போனஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்டுக்கு 5 சதவீதம், அதாவது 25,000 டாலர் வரை போகலாம். போனஸ் முழுக்க ஒரே ஆண்டில் வந்தால் மத்திய வரியும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமும் சேர்ந்து ஏறத்தாழ 1 லட்சத்து 60 ஆயிரம். உங்கள் மாநிலத்தில் வருமான வரி இல்லாதது ஒரு நிம்மதி. கைக்கு வருவது 3 லட்சத்துச் சொச்சம். வேண்டர்பில்ட் போன்ற தனியார் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆண்டுச் செலவு மட்டும் 90,000 டாலருக்கு மேல். ஆக, பெரிய தொகையாகத் தெரியும் அந்த 5 லட்சம் நான்கு வருடப் படிப்புக்கே சரியாகப் போய்விடும். இதைத் தம்பிக்கும் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். 17 வயதில் 5 லட்சம் என்றாலே வாழ்க்கை செட்டில் ஆகிவிட்டது என்றுதான் தோன்றும்.

போனஸைத் தவிர்த்துப் பார்த்தால், மேஜர் லீகுக்கு முன் படிப்படியாக ஆட வேண்டிய மைனர் லீகில் சம்பளம் சொற்பம். முன்பு இன்னும் மோசமாக இருந்தது. 2023இல் மைனர் லீக் வீரர்களுக்கு முதல்முறையாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்த பிறகு, ஆரம்ப நிலையில் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 19,800 டாலர், மேஜர் லீகுக்கு ஒரு படி கீழான டிரிபிள்-ஏ நிலையில் 35,800 என்று உயர்ந்தது. தங்குமிடத்தை 2022 முதல் அணிகளே தருகின்றன. மேஜர் லீகிலோ குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் பெரும்பாலான பிள்ளைகள் கடப்பதில்லை. டிராஃப்டில் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலானோர் மேஜர் லீகில் ஒரு நாள்கூட ஆடாமலே போகிறார்கள். போதாததற்கு 2021இல் மைனர் லீக் அணிகளையும் 160இலிருந்து 120ஆகக் குறைத்துவிட்டார்கள். மெதுவாக முன்னேறும் பையனுக்காகக் காத்திருக்க இடம் குறைந்துவிட்டது.

தம்பி கையெழுத்துப் போட்டால் முதலில் போகும் இடம் அநேகமாக அரிசோனாவிலோ ஃப்ளோரிடாவிலோ உள்ள அணியின் பயிற்சி வளாகம். வெயில் கொளுத்தும் மைதானம், ஆட்டம் பார்க்க வருபவர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய அளவுதான். அறையிலும் டக்அவுட்டிலும் டொமினிகன் குடியரசு, வெனிசுவேலாப் பையன்கள் நிறைய இருப்பார்கள். பேச்சு பாதி ஸ்பானிஷில் நடக்கும். பந்து, ஜிம், வீடியோ, தூக்கம், மறுநாள் அதேதான். சில பிள்ளைகளுக்கு இது சொர்க்கம். வேறு சிலர் ஒரே மாதத்தில் வாடிவிடுவார்கள். உங்கள் மகன் எந்த ரகம் என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

கல்லூரிப் பக்கத்தையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேயும் நிலைமை மாறிவிட்டது. பல வருடங்களாக, கல்லூரி விளையாட்டின் உச்ச நிலையான டிவிஷன் ஒன்னில் ஓர் அணிக்கு மொத்தமே 11.7 ஸ்காலர்ஷிப்தான், அதைத் துண்டு துண்டாக்கிப் பலருக்குப் பகிர்வார்கள். 2025-26 முதல், கல்லூரி விளையாட்டுக்கான புதிய விதிமுறையில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் அந்த வரம்பு இல்லை. அதற்குப் பதில் அணியில் 34 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 34 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம் என்பது விதி, தருவார்கள் என்பது உத்தரவாதமில்லை. உங்களுக்கு வந்திருக்கும் கடிதத்தில் எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டுகள் என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று, டிரான்ஸ்ஃபர் வழியாக 21, 22 வயது வீரர்கள் வேறு கல்லூரிகளிலிருந்து வந்து சேருகிறார்கள். 18 வயதுப் பையன் முதல் வருடம் பெஞ்சில் உட்கார வேண்டி வரலாம். போன வருடம் முதலாண்டு பிட்சர்கள் எத்தனை இன்னிங்ஸ் வீசினார்கள் என்று பாருங்கள். கோச்சின் இனிக்கும் பேச்சைவிட அந்தக் கணக்கு உங்களுக்கு நிறையச் சொல்லும்.

நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடியும்வரை அல்லது 21 வயது ஆகும்வரை மறுபடி டிராஃப்டில் எடுக்க முடியாது. மூன்றாம் ஆண்டு முடிவில் வருபவருக்குப் பேரம் பேச வலு இருக்கும், இன்னும் ஒரு வருடம் கல்லூரிக்கே திரும்பிப் போவேன் என்று சொல்லலாம். நான்காம் ஆண்டு முடித்து வருபவருக்கு அது இருக்காது. இரண்டாண்டு ஜூனியர் காலேஜ் என்றால் ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்டுக்குத் தகுதி உண்டு. பேட்டர் பிரைஸ் ஹார்ப்பர் அப்படித்தான் தெற்கு நெவாடா கல்லூரியில் ஒரே சீசன் ஆடி, 2010இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். இந்த வழியை நம் வீடுகளில் யோசிப்பதே இல்லை, யோசிக்கலாம்.

கல்லூரிக்குப் போனால் வாய்ப்பு போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் பிட்சர் கெரிட் கோலைச் சொல்லுங்கள். 2008இல் நியூயார்க் யாங்கீஸ் முதல் சுற்றிலேயே எடுத்தும் வேண்டாம் என்று யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் போனார். 2011இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டபோது போனஸ் 80 லட்சம் டாலர். பேட்டர் ஆரன் ஜட்ஜை 2010இல் 31ஆவது சுற்றில்தான் எடுத்தார்கள். ஃப்ரெஸ்னோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் ஆடி, 2013இல் முதல் சுற்றில் வந்தார். எதிர்ப்பக்கமும் உண்டு. பிட்சர் கிளேட்டன் கெர்ஷா உங்கள் டெக்ஸஸ் பையன்தான். 2006இல் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் கல்லூரியை விட்டுவிட்டு ஹைஸ்கூலிலிருந்து நேராக டாட்ஜர்ஸ் அணிக்குப் போனார், யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நான் அதிகம் யோசிப்பது பிட்சர் குமார் ராக்கரைப் பற்றி. தாயார் இந்திய வம்சாவளி. 2018இல் அவரை 38ஆவது சுற்றில் எடுத்தார்கள். அவர் வேண்டர்பில்ட் போனார். அடுத்த ஆண்டே டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல், பேட்டர்களை அடிக்கவே விடாமல் 19 முறை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 2021இல் நியூயார்க் மெட்ஸ் 10ஆவது இடத்தில் எடுத்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தமே தரவில்லை. எந்த அணியும் இல்லாமல் நின்றார். 2022இல் மேஜர் லீகோடு சேராத ஒரு தனி லீகில் ஆடிக் காட்டி, அதே ஆண்டு டெக்ஸஸ் ரேஞ்சர்ஸால் 3ஆவது இடத்தில் எடுக்கப்பட்டு 52 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார். 2023இல் முழங்கை அறுவை சிகிச்சை. 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீகில் பிட்சர் நின்று வீசும் மேட்டில் ஏறினார். கல்லூரிக்குப் போனதால் அவர் கெட்டுப்போகவில்லை. ஆனால் எந்தப் பாதையில் போனாலும் பிட்சரின் கை ஒரு நாள் கணக்குக் கேட்கும் என்பதை அவர் கதை காட்டுகிறது. பிரேடி எய்கன் என்ற பையன் 2014இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். முழங்கைப் பரிசோதனையால் பேரம் முறிந்து, மறு ஆண்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 17ஆவது இடத்தில் வேறு அணிக்குப் போனார். மேஜர் லீக் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

அதனால்தான் பிட்சரின் பெற்றோருக்கு என் யோசனை பேட்டரின் பெற்றோருக்குச் சொல்வதிலிருந்து சற்று வேறுபடும். கல்லூரி கோச்சுக்கு ஜெயிக்க வேண்டும், அதற்காக நல்ல பிட்சரை அதிகமாக வீசவைக்கும் கல்லூரிகள் உண்டு. அவருடைய பிட்சர்கள் ஓர் ஆட்டத்தில் எத்தனை பந்து வீசுகிறார்கள், எத்தனை பேர் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனார்கள் என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். கோபித்துக்கொண்டால் அதுவே பதில்.

என் அபிப்பிராயம் இது. 3 லட்சம் டாலருக்குக் கீழே என்றால் யோசிக்கவே வேண்டாம், கல்லூரி. 10 லட்சத்துக்கு மேலே, தம்பிக்கும் மனசு இருந்தால், தயங்காமல் கையெழுத்துப் போடலாம். இடைப்பட்ட தொகைதான் கஷ்டம். அங்கே இரண்டைப் பாருங்கள். உடம்பு இன்னும் வளர்கிறதா? வளர்கிற பையனுக்கு மூன்று வருடத்தில் மதிப்பு கூடலாம். வகுப்பில் உட்காரப் பிடிக்கிறதா? பிடிக்காத பையனை வம்பாக அனுப்பினால் படிப்பும் போகும், பந்தும் போகும்.

எந்தத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டாலும், ஒப்பந்தத்தில் கல்லூரிச் செலவுத் திட்டம் இல்லாமல் பேனாவை எடுக்க விடாதீர்கள். ஒரு செமஸ்டருக்கு இவ்வளவு என்று எட்டு செமஸ்டருக்கு அணி பணம் ஒதுக்கும். உங்கள் மகன் சேர நினைத்திருந்த கல்லூரியின் கட்டணத்தை வைத்தே அந்தத் தொகையைக் கேளுங்கள். கையெழுத்தானபின் கூட்ட முடியாது. விளையாட்டை விட்ட இரண்டு ஆண்டுக்குள் படிப்பைத் தொடங்கிவிட வேண்டும், அந்தப் பணத்துக்கு வரியும் உண்டு. 24 வயதில் அணியிடம் விடுதலைக் கடிதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் பையன் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றுதான் சொல்வார். அப்போது அவரை வகுப்பில் உட்காரவைப்பது உங்கள் வேலை. ஊர் கேட்டால் சொல்லவேண்டிய பதிலும் அதில்தான் இருக்கிறது: படிப்பை விடவில்லை, ஒத்திப்போட்டிருக்கிறோம்.

மருத்துவ விஷயத்தில் ஒன்று. டிராஃப்டுக்கு வரும் வீரர்களில் முதல் 300 பேர் பட்டியலில் தம்பி பெயர் வந்து, டிராஃப்டுக்கு முந்தைய பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டால், எடுக்கும் அணி ஸ்லாட் மதிப்பில் குறைந்தது 75 சதவீதம் தந்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. இந்தப் பாதுகாப்பை விடாதீர்கள்.

உங்களைத் தேடி வந்திருக்கும் அந்த ஆலோசகரிடம் இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைக்கூட ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஏஜென்டோடு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதில் கல்லூரி விதிகள் கண்டிப்பானவை. தம்பிக்கு இடம் கொடுத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் விதிகளைக் கவனிக்கவென்றே ஓர் அலுவலகம் இருக்கும். திங்கட்கிழமை அங்கே போன் செய்யுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். அது வந்ததும் ஸ்காலர்ஷிப் கடிதத்தோடு சேர்த்து எனக்கு அனுப்பினால், தம்பியையும் வைத்துக்கொண்டு அந்த எண்ணை எழுதிவிடலாம்.