லாப் பார் இவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டுமா? ரைடு பாதுகாப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

18 வருடமாக ரைடு பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். முதலில் தமிழ்நாட்டில், அப்புறம் வளைகுடாவில். பொழுதுபோக்குப் பூங்காக்களில் போடும் லாப் பார் (தொடை மேல் இறங்கிப் பூட்டும் கம்பி), தோள் பார் (தோள் மேல் இறங்கிப் பூட்டுவது), பெல்ட் எல்லாம் தேவைதானா, இல்லை அளவுக்கு மீறிப் போகிறதா என்று கேட்கச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஈரோட்டிலிருந்து: சின்ன வயசில் திருவிழாவில் கொலம்பஸ் ஏறும்போது குறுக்கே ஒரே ஒரு கம்பிதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது ரோலர் கோஸ்டரில் மூச்சு முட்ட அழுத்துகிறார்கள். இது ஓவர் இல்லையா?

டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போயிருப்பீர்கள். டிரைவர் வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றி இறக்கினால் என்ன ஆகும்? சீட் கீழே போய்விடும், நீங்கள் ஒரு கணம் அந்தரத்தில் இருப்பீர்கள். ரோலர் கோஸ்டரின் மேடு அதே வேலையை வேண்டுமென்றே செய்கிறது. அந்தத் துள்ளலுக்காகத்தான் காசு கொடுத்து ஏறுகிறோம்.

உச்சியில் வண்டியும் மேலே கிளம்பத்தான் பார்க்கும். அதைத் தண்டவாளத்தோடு பிடித்து வைக்க, தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் ஓடுகிறது. அமெரிக்காவில் ஜான் மில்லர் 1919-ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. அதற்கப்புறம்தான் மேடுகளைத் துணிந்து செங்குத்தாகக் கட்டினார்கள். வண்டி பறக்காது, சரி. உள்ளே இருக்கும் ஆளை யார் பிடிப்பது? அதற்குத்தான் லாப் பார்.

உங்கள் கொலம்பஸ் கம்பியில் எனக்கு இருக்கும் பயம் வேறு. நாலு பேருக்கு ஒரே கம்பி என்றால் அது எங்கே போய் நிற்கும்? வரிசையில் யாருக்கு உடம்பு பெருசோ, அவர் தொடையில். பக்கத்தில் உட்கார்ந்த எட்டு வயசுப் பையனுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தலையணையை நுழைக்கலாம். கம்பி பூட்டித்தான் இருக்கிறது, ஆனால் அவனைப் பிடிக்கவில்லை. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: கம்பி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, கம்பிக்கும் ஆளுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும்.

மூச்சு முட்டுகிறது என்றீர்களே, லாப் பார் வயிற்றில் அழுத்தக் கூடாது. இடுப்பு மடியும் இடத்தில், தொடை மேல் உட்கார வேண்டும். முன்னால் சரிந்து உட்கார்ந்தால்தான் வயிற்றில் ஏறும். முதுகையும் இடுப்பையும் சீட்டில் ஒட்ட வைத்துவிட்டு அப்புறம் கம்பியை இறக்கச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து: தலைகீழாகச் சுற்றும் ரைடு என்றால் தோள் பார் கட்டாயம்தானே? அது காதிலும் கன்னத்திலும் இடித்து, இறங்கும்போது தலைவலியே வந்துவிடுகிறது.

கட்டாயம் இல்லை. தோள் பார் விஷயத்தில் 'ஓவர்' என்று சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

தண்ணீர் வாளியை வேகமாகச் சுழற்றினால் தலைகீழாகும்போதும் தண்ணீர் கொட்டாது. வட்டத்தில் போதுமான வேகத்தோடு போகும் வண்டியிலும் அப்படித்தான், உடம்பு சீட்டோடுதான் அழுந்தும். கலிபோர்னியாவில் மேஜிக் மவுண்டன் பூங்காவில் 1976-ல் ரெவல்யூஷன் என்ற கோஸ்டரைத் திறந்தார்கள். இன்று நாம் பார்க்கும் கண்ணீர்த்துளி வடிவ லூப்புக்கு (வண்டி தலைகீழாகச் சுற்றிவரும் வளையம்) அதுதான் முன்னோடி. கட்டியவர் ஜெர்மனியின் ஆன்டன் ஷ்வார்ஸ்கோஃப். அதில் இருந்தது லாப் பார் மட்டுமே, தோள் பார் கிடையாது. பின்னாளில் தோள் பார் மாட்டினார்கள். ஏறியவர்கள் எல்லாம் தலை இடிக்கிறது என்று புலம்ப ஆரம்பித்தார்கள். 2016-ல் ரைடைப் புதுப்பித்தபோது தோள் பாரைக் கழற்றிவிட்டு மறுபடி லாப் பாருக்கே திரும்பினார்கள்.

அதற்காக லூப்பில் லாப் பாரும் வேண்டாம் என்று ஆகாது. வண்டி வேகம் குறைந்து மேலேயே நின்றுபோனால் வாளிக் கணக்கு உதவாது. தொங்கும் ஆளின் முழு எடையையும் தாங்குகிற மாதிரிதான் லாப் பாரை வடிவமைக்கிறார்கள்.

திருநெல்வேலியிலிருந்து: ஜெயண்ட் வீலில் பெல்ட்டே இல்லையே, அது மட்டும் எப்படி?

அதில் துள்ளலே இல்லை. உங்கள் எடை எப்போதும் சீட்டில்தான் இருக்கிறது. அங்கே ஆபத்து, நாமாக எழுந்து நிற்பதும் எட்டிப் பார்ப்பதும்தான். அதற்குக் கதவும் தாழ்ப்பாளும் போதும். ரைடு உடம்பை எந்தப் பக்கம் எவ்வளவு தூக்கி எறியும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ற பூட்டு வைப்பதுதான் முறை. அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் எஃப்2291 இதை 5 வகையாகப் பிரிக்கிறது. முதல் வகைக்கு ஒன்றுமே தேவையில்லை. ஐந்தாவது வகைக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் தனித்தனிப் பூட்டு வேண்டும், ஒன்று பழுதானாலும் இன்னொன்று பிடிக்க வேண்டும், பூட்டவில்லை என்றால் ரைடு கிளம்பவே கூடாது.

கோவையிலிருந்து: என் பெண் 2 சென்டிமீட்டர் உயரம் குறைவு என்று ரைடில் ஏற்றவில்லை. ஒரு மணி நேரம் வரிசையில் நின்றாள், அழுதுவிட்டாள். 2 சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது?

அவள் அழுததைக் கேட்க எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. உயரக் கம்பத்தை வரிசையின் முதலிலேயே வைக்காதது அந்தப் பூங்காவின் தப்பு.

ஆனால் அளவை விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள். உயரம் என்பது தொடை நீளத்துக்கும் இடுப்பு அகலத்துக்கும் ஒரு குறுக்குவழிக் கணக்கு. குழந்தையின் தொடை மெலிசு, கம்பி பூட்டின் கடைசிப் பல் வரை இறங்கினாலும் இடைவெளி மிஞ்சும். குழந்தை பயத்தில் காலை மடக்கும், சறுக்கும், கம்பிக்கு அடியில் போய்விடும். 2 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை விட்டால், அடுத்த அப்பா 3 சென்டிமீட்டருக்குக் கேட்பார். கோடு எங்கேயாவது நின்றாக வேண்டும். குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டுக் கூட்டிவரும் பெற்றோரை வாரத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

பெயர் வேண்டாம் என்றவர்: எனக்கு உடம்பு கொஞ்சம் பெருசு. எல்லார் முன்னாலும் 'சார், நீங்க இறங்குங்க' என்றார்கள். அந்த அவமானத்தை மறக்க முடியவில்லை. கம்பி பாதியாவது பூட்டியதே!

உங்களிடம் அப்படிச் சொன்ன விதம் தப்பு. வாசலிலேயே ஒரு மாதிரி சீட் வைத்து, யாரும் பார்க்காமல் உட்கார்ந்து பார்க்க விடலாம். நல்ல பூங்காக்கள் அப்படிச் செய்கின்றன.

பாதி பூட்டியது என்றீர்கள், அதனால்தான் இந்தச் சம்பவத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரில், 2022 மார்ச் 24 அன்று, 430 அடி உயரக் கோபுரத்திலிருந்து விழும் ரைடில் 14 வயசுப் பையன் ஏறினான். நல்ல உயரம், பெரிய உடம்பு. அந்த ரைடில் தோள் பார் மட்டும்தான், காலுக்கு நடுவே வரும் பெல்ட் இல்லை. தோள் பாருக்கும் சீட்டுக்கும் நடுவே வழக்கமாகச் சுமார் 3 அங்குலம் இருக்க வேண்டும். அவன் சீட்டில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்படி சென்சாரைக் கையால் மாற்றியிருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. விளக்கு பச்சை காட்டியது. ரைடு கீழே வந்து பிரேக் பிடித்தபோது அவன் அந்த இடைவெளி வழியாக நழுவி விழுந்து இறந்துவிட்டான். ஒரு பெல்ட்டுக்கு 22 டாலர்தான் ஆகியிருக்கும் என்று குடும்பத்தின் வழக்கறிஞர்கள் பிறகு சொன்னார்கள்.

அன்று யாராவது அவனிடம் 'தம்பி, இந்த ரைடு வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் அவனுக்கும் அவமானமாகத்தான் இருந்திருக்கும். வீட்டுக்குப் போயிருப்பான்.

திருச்சியிலிருந்து: அப்படியென்றால் பாரோடு பெல்ட், பெல்ட்டோடு இன்னொரு பெல்ட் என்று போட்டுக்கொண்டே போனால் பாதுகாப்புதானே?

அப்படியும் இல்லை. கொலராடோவில் கிளென்வுட் குகைப் பூங்காவில் நிலத்துக்கு அடியில் விழும் ஒரு ரைடு இருந்தது. சீட்டுக்கு இரண்டு பெல்ட். 2021 செப்டம்பரில் 6 வயசுக் குழந்தை அந்த பெல்ட்டுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தைய சுற்றுக்குப் பிறகு பெல்ட்டைக் கழற்றவே இல்லை என்று இயந்திரம் கண்டுபிடித்து, கிளம்ப மறுத்தது. ஊழியர்களுக்கு அந்த எச்சரிக்கை புரியவில்லை. ரீசெட் செய்து ரைடை ஓட்டினார்கள். குழந்தை இறந்தது.

இரண்டு பெல்ட் இருந்தும், இயந்திரம் சரியாகச் சொல்லியும், பயிற்சி இல்லாத கை அதை மீறிவிட்டது. இன்னும் மூன்று பெல்ட் சேர்த்திருந்தால், பார்க்க வேண்டியது இன்னும் மூன்று கூடியிருக்கும், அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து: ரைடே உடைந்து விழுந்தால் பெல்ட் என்ன செய்யும்?

ஒன்றும் செய்யாது. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊசலாடும் ரைடின் தண்டே முறிந்து, ஏறியவர்களோடு கீழே விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். அங்கே கேட்க வேண்டியது வெல்டிங்கையும் போல்ட்டையும் யார், எப்போது பார்த்தார்கள் என்பதைத்தான். பொருட்காட்சி ரைடுகளை ஊர் ஊராகக் கழற்றி மாட்டுகிறார்கள். அந்த ஒவ்வொரு தடவையும் சோதனை வேண்டும்.

கடலூரிலிருந்து: 2025 மே மாதம் ஈஞ்சம்பாக்கத்தில் ரைடு உயரத்தில் நின்றுபோய், தீயணைப்புத் துறை வந்துதான் இறக்கினார்கள். அப்படி மாட்டிக்கொண்டால் நாமே பாரைத் தூக்கிவிட்டு இறங்கலாமா?

வேண்டவே வேண்டாம். சீட்டில் பூட்டி இருக்கும் வரை நீங்கள் பத்திரம். பயமாக இருக்கும், தாகம் எடுக்கும், கால் மரத்துப்போகும். எத்தனை மணி நேரமானாலும் ஆள் வரும் வரை அப்படியே இருங்கள். அங்கே எல்லாரையும் பத்திரமாகத்தான் இறக்கினார்கள்.

சேலத்திலிருந்து: சென்சார் இருக்கிறது, விளக்கு இருக்கிறது. பிறகு எதற்கு ஒவ்வொருவர் பாரையும் கையால் அழுத்திப் பார்க்கிறார்கள்? நேரம்தானே வீண்?

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூட்டம் நெரிகிறது. பழைய மாடல் வண்டி, லாப் பார் பல் பல்லாக இறங்கும். மூன்றாவது வரிசையில் ஒரு பெண், மடியில் சின்னக் கைப்பை. பார் பையின் மேல் உட்கார்ந்து பூட்டிவிட்டது. பலகையில் எல்லா விளக்கும் பச்சை. கிளப்பலாம் என்று சொல்லும் நேரம். பாரை அழுத்திக்கொண்டே வந்த பையன், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் இருக்கும், அங்கே நின்றான். கை மெத்தென்று உள்ளே போனது அவனுக்குச் சந்தேகம். பூட்டைத் திறக்கச் சொல்லி, பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மறுபடி அழுத்தினான். கட், கட், கட், கட். நாலு பல் கீழே இறங்கி அவர் தொடையில் போய் நின்றது.