வாங்கி எங்கே இருக்கிறது?

அன்புள்ள அக்கா,

ஓமோன்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், அதிரனலினின் வாங்கி (அதைப் பிடித்து, கலத்துக்குச் செய்தி சொல்லும் புரதம்) கலத்துக்கு உள்ளேயிருந்தும் வேலை செய்யும் என்று ஒரு வரி வருகிறது. டியூஷன் சேரிடம் காட்டினேன். "வாங்கி கலத்தின் வெளி மென்சவ்வில்தான். இப்படி எழுதினால் புள்ளி போகும்" என்றார். எது சரி? அப்பாயிக்கு கிளினிக்கில் கொடுக்கிற மெட்டோப்ரோலோலும் இந்த வாங்கியைத்தானே அடைக்கிறது?

உயர்தர மாணவி, ஹட்டன்

அன்புள்ள தங்கைக்கு,

பரீட்சைக்கு சேர் சொன்னபடியே எழுதுங்கள். அது பிழையில்லை, பாதிக் கதை.

காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும் கணக்கப்பிள்ளைதான் பின்னேரம் கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கும் நிற்பார். புரதங்களுக்கு மட்டும் ஓர் இடம், ஒரு வேலை என்று படம் கீறி வைத்திருக்கிறோம். சைற்றோகுரோம் சி என்ற புரதத்தைப் பாருங்கள். கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிக்குள் இருக்கும்வரை இலத்திரன் காவும், கலம் பிழைக்கும். அதுவே குழியவுருவுக்குள் கசிந்தால் கலத்தைச் சாகடிக்கும் நொதியங்களைக் கிளப்பிவிடும். உயிர் இரசாயனவியலாளர் சியாவோடாங் வாங்கின் குழு இதை 1996இல் காட்டியபோது பலருக்கு நம்பவே கஷ்டமாக இருந்திருக்கும்.

சரி, உங்கள் வாங்கிக்கு வருவோம். இதயத்தில் நிறைய இருக்கும் பீட்டா-1 வாங்கியில் அதிரனலின் ஒட்டினால் உள்ளே சைக்கிளிக் ஏஎம்பி என்ற செய்தி காவும் மூலக்கூறு கூடும், துடிப்பு ஏறும். 2017இல் கலிபோர்னியாவில் வளர்ப்புக் கலங்களில் பார்த்தபோது, கலத்துக்குள் புரதங்களைப் பொதிசெய்து அனுப்பும் கொல்கிச் சிக்கலில் இருக்கும் பீட்டா-1 வாங்கியும் இதே வேலையைச் செய்தது. வெளி மென்சவ்விலிருந்து உள்ளே இழுக்கப்பட்டவை அல்ல இவை, முன்னமே அங்கே இருந்தவை.

அப்படியென்றால் வெளியே நிற்கும் அதிரனலின் அங்கே போவது எப்படி? கொழுப்பாலான மென்சவ்வை அது லேசில் கடக்காது. ஓசிடி3 என்ற கடத்திப் புரதம்தான் உள்ளே சேர்க்கிறது. கடத்தியை அடைத்தால் மென்சவ்வு வாங்கி வழமைபோல இயங்கும், கொல்கி வாங்கி பேசாமல் கிடக்கும். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

அப்பாயியின் குளிசைக்கும் இதே கணக்குத்தான். மெட்டோப்ரோலோல் கொழுப்பில் கரையும், ஆகவே தானாகவே ஊடுருவி கொல்கி வாங்கியையும் அடைக்கும். நீரை விரும்பும் சோட்டலோல் வெளி வாங்கியோடு நின்றுவிடும். இரண்டையும் பீட்டா தடுப்பான் என்று ஒரே வரியில் மனப்பாடம் செய்கிறோம்!

ஆனால் இது தட்டில் வளர்த்த கலங்களில் கண்டது. ஒரு நோயாளிக்கு இதனால் என்ன வித்தியாசம் வரும் என்பது வேறு கேள்வி. அப்பாயி கிளினிக்கில் சொன்னபடியே குளிசையைப் போடட்டும்.