அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஹோட்டன் சமவெளி போகலாமா?

கேள்வி: அட்டனில் இருக்கிறோம். ஏப்ரல் விடுமுறையில் ஒருநாள் ஹோட்டன் சமவெளிக்குப் போக ஆசை. பிள்ளைகளுக்கு 8, 11 வயது. அம்மாவுக்கு 64, முழங்கால் வலி உண்டு. எத்தனை மணிக்குக் கிளம்புவது? அம்மாவால் நடக்க முடியுமா? சாப்பாடு என்ன கொண்டு போகலாம்?

பதில்: தாராளமாகப் போகலாம். ஏப்ரலை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த மாதம் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். வீதியிலேயே பாதி நாள் போய்விடும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் மேலே மழை குறைவு. அதில் நீண்ட விடுமுறையோடு சேராத ஒரு சனிக்கிழமையைப் பாருங்கள்.

நேரம்தான் முக்கியம். காலை 9, 10 மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிடும். பிறகு உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் நின்றால் வெள்ளைத் திரையைத்தான் பார்ப்பீர்கள். பூங்கா வாயில் திறக்கும் 6 மணிக்கே அங்கே இருக்கவேண்டும் என்றால், அட்டனில் விடியற்காலை 3 மணிக்காவது கிளம்புங்கள். தலவாக்கலை, நானுஓயா, அம்பேவல, பட்டிப்பொல வழியாக வேனில் போவதே நல்லது. ஒஹியா ரயில் நிலையத்திலிருந்து ஏறலாம்தான். ஆனால் சுமார் 11 கிலோமீட்டர் ஏற்றம், பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். தேசிய அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

ஃபார் இன் என்ற பழைய விடுதிக் கட்டடத்தில் தொடங்கி அங்கேயே வந்து முடியும் சுற்றுப்பாதை 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பிள்ளைகளோடு நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாதை பிரியும் இடத்தில் உலக முடிவுப் பக்கத்தை முதலில் எடுங்கள். பேக்கர் அருவியைத் திரும்பும்போது பார்க்கலாம், அதற்கு மூடுபனி தடையில்லை. உலக முடிவில் செங்குத்தான இறக்கம் சுமார் 870 மீட்டர். விளிம்புக்கு நன்றாக முன்பே நின்று, பிள்ளைகளின் கையை விடாமல் பாருங்கள். போட்டோ எடுப்பதற்காகக்கூட விடவேண்டாம். அருவியில் இறங்கவே கூடாது.

அம்மா முழுச் சுற்றும் போவதை நான் விரும்பவில்லை. அருவிக்கு இறங்கும் பாதை செங்குத்து, வழுக்கும். முழங்காலுக்கு இறக்கம்தான் எதிரி. தொடக்கத்தில் உள்ள புல்வெளிப் பகுதியில் மெதுவாக நடந்து திரும்பட்டும், பெரியவர் ஒருவர் கூட இருங்கள். உண்மையில் அந்தப் புல்வெளிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். விடியலில் மரைகள் (பெரிய மான்கள்) மேய்வதை அங்கேதான் பார்க்கலாம். மூடுபனியின் ஈரத்தை மரப்பாசி வாங்கிக்கொள்ள, சதுப்பு நிலம் அதைத் தேக்கி ஓடைகளுக்கு விடுகிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்துதான் நீர் போகிறது. இதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே காட்டிச் சொல்லுங்கள்.

இடம் 2,100 மீட்டருக்கும் மேலே. அட்டன் குளிர் பழகியவர்களுக்கும் விடியலில் நடுங்கும். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனிகூட விழும். கம்பளிச் சட்டை, குல்லா, மழைக்கோட்டு, வழுக்காத சப்பாத்து எல்லோருக்கும் வேண்டும். வெயில் ஏறியதும் தோல் சுடும், தொப்பியும் எடுங்கள். அம்மாவுக்கு மூச்சு, இருதயப் பிரச்சினை ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் போதும், பிளாஸ்க்கில் பிளேன்டீ. லஞ்ச் சீட் என்ற பொலித்தீன் தாளில் கட்டாதீர்கள். வாழையிலையில் அல்லது டப்பாவில் கொண்டு போங்கள். வாயிலில் பையைத் திறந்து பார்த்து, பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூடக் கிழித்துவிடுவார்கள். கோபப்படவேண்டாம். உப்பு மணம் பட்ட பொலித்தீனை மரை அப்படியே விழுங்கிவிடும். அது செரிக்காது, குடலை அடைத்து மிருகத்தைக் கொல்லும். வாகனத்தருகே வந்து நிற்கும் மரைக்கு ரொட்டித் துண்டும் கொடுக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு ஆசையாக இருக்கும், முதலே சொல்லிவையுங்கள்.

அப்புறம், அன்று காலை மழை கொட்டினால் மேலே ஏறாதீர்கள். நுவரெலியா நகரிலேயே கல்வேஸ் லேண்ட் தேசியப் பூங்கா இருக்கிறது. சிறிய மலைக்காடு, பறவைகள் நிறைய, குறுகிய நடை. மழை விட்டதும் அங்கே போனால் அம்மாவும் முழுதாகச் சுற்றி வரலாம்.