காவ் என்ன செய்தார்?

அன்புள்ள ஐயா,

இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வை உருவாக்கிய ராமேஷ்வர் நாத் காவ் பற்றி ஓர் உரை கேட்டேன். 1971இல் பாகிஸ்தானைத் தனி ஒருவராக உடைத்தவர் என்றார் பேசியவர். உண்மையா? அப்படியானால் அவர் ஏன் சுயசரிதை எழுதவில்லை? என் தங்கை மகன் டிகிரி முடித்துவிட்டு ‘உளவுத்துறைக்குத்தான் போவேன்’ என்று நிற்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அன்று பாகிஸ்தானின் பகுதியாக இருந்த கிழக்கு வங்கத்தில் (இன்றைய பங்களாதேஷ்) மக்கள் எழுந்தார்கள், அவர்களின் விடுதலைப் படையான முக்தி வாஹினி சண்டை போட்டது, ஒரு கோடிக்குப் பக்கமாக அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள், டிசம்பரில் நம் ராணுவம் இறங்கியது. இதையெல்லாம் ஓர் ஆள் கணக்கில் எழுதுவது மேடைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். முக்தி வாஹினிக்குப் பயிற்சி கொடுத்ததிலும் தகவல் திரட்டியதிலும் ராவின் பங்கு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் காவின் வாழ்க்கையில் என்னை அதிகம் கவர்வது வேறு.

1918இல் காசியில் பிறந்த காஷ்மீரிப் பண்டிதர். 1940இல் போலீஸ் வேலை, சுதந்திரத்தையொட்டி மத்திய உளவுத்துறையான ஐ.பி. அங்கே முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்பு அவர் பொறுப்பு. நேருவின் பாதுகாப்பும் அதில் அடக்கம். 1955 ஏப்ரலில் ‘காஷ்மீர் பிரின்சஸ்’ என்ற ஏர் இந்தியா விமானம், இந்தோனேசியாவின் பாண்டுங்கில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்க மாநாட்டுக்குப் போகும் சீனக் குழுவினரோடு ஹாங்காங்கிலிருந்து கிளம்பி, இந்தோனேசியக் கடலில் விழுந்தது. 16 பேர் இறந்தார்கள். அதில் வந்திருக்க வேண்டிய சீனப் பிரதமர் சூ என்லாய் கடைசியில் ஏறவில்லை. இந்தியா சார்பில் விசாரணைக்குப் போனவர் காவ். சக்கரம் மடங்கி உள்ளே போகும் இடத்தில் வைத்த டைம் பாம் அது என்பது தெரியவந்தது. சந்தேகம் ஹாங்காங் விமான நிலையத்தில் வேலை பார்த்த துப்புரவுப் பணியாளர் ஒருவர் மேல் விழுந்தது. அவர் அதற்குள் தைவானுக்குப் பறந்துவிட்டார். யோசித்துப் பாருங்கள். விமானம் இந்தியாவுடையது, செத்தவர்களில் பலர் சீனத் தரப்பு, குண்டு வைத்த ஊர் பிரிட்டன் கையில், சிதறல் கிடப்பது இந்தோனேசியக் கடலில். முப்பத்தாறு வயது அதிகாரி இத்தனை பேரிடமும் முகம் சுளிக்காமல் பேசி விஷயத்தை வாங்க வேண்டும். இதில் துப்பாக்கிக்கு எங்கே வேலை?

1962 சீனப் போரிலும் 1965 பாகிஸ்தான் போரிலும் தகவல் போதவில்லை என்ற குறை எழுந்தது. உள்நாடு, வெளிநாடு இரண்டையும் ஐ.பி. ஒன்றே பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று முடிவாகி, 1968 செப்டம்பர் 21 அன்று ரா பிறந்தது. இந்திரா காந்தி காவைத் தலைவராக்கினார். அப்புறம் 1971, 1975இல் சிக்கிம் இணைப்பு என்று ஏறுமுகம்தான்.

1977இல் ஆட்சி மாறியது. எமர்ஜென்சியில் ராவைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று புதிய பிரதமர் மொரார்ஜி தேசாய்க்குச் சந்தேகம். காவ் வெளியேறினார். அமைப்பின் சிறகுகளையும் கத்தரித்தார்கள். நேற்றுவரை பிரதமரின் அறைக்கு நேரே போய்வந்தவர், இன்று அதே அரசாங்கத்தின் கண்ணில் சந்தேகத்துக்குரிய ஆள். உளவு அதிகாரி எழுதுவதற்கு ஒரே ஒரு வாசகர்தான் உண்டு, பிரதமர். அந்த வாசகர் மாறினால் எழுதியவர் பாடு திண்டாட்டம். பொறாமைப்படக்கூடிய தொழில் இல்லை என்று ஓர் எழுத்தாளனாகச் சொல்கிறேன்.

அந்த வாசகர் மாறாமலே இருந்தும் பயனில்லாமல் போவதுண்டு. 80களின் தொடக்கத்தில் இந்திரா மறுபடி வந்ததும் காவைப் பாதுகாப்பு ஆலோசகராக அழைத்துக்கொண்டார். 1984இல் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்த புளூ ஸ்டார் நடவடிக்கைக்குப் பிறகு, பிரதமரின் வீட்டில் சீக்கியக் காவலர்களை வைத்திருப்பது ஆபத்து என்ற எச்சரிக்கை வந்தது. இந்திரா அதை ஏற்கவில்லை. 1984 அக்டோபர் 31 அன்று சொந்த வீட்டுத் தோட்டத்தில், சொந்தக் காவலர்களின் கையால் இறந்தார். காவும் அதோடு ஒதுங்கிவிட்டார். நேருவின் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டவருக்கு அந்த வீட்டு மகளின் மரணம் எப்படி இருந்திருக்கும் என்று அவர் ஊரறியப் பேசியதே இல்லை. 2002இல் காலமானார்.

சுயசரிதை பற்றி. அந்தத் தலைமுறை பேசாது. காவ் போட்டோவுக்குக்கூட நிற்க மாட்டார். விதிவிலக்கும் உண்டு. இதழியலிலிருந்து போலீசுக்குப் போய், ராவில் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவைக் கவனித்து, 1994இல் ஓய்வுபெற்றுச் சென்னையில் குடியேறிய பி. ராமன் நிறைய எழுதினார். இன்றைக்கு அதற்கும் வழியில்லை. உளவு அமைப்புகளிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் தங்கள் துறை பற்றி எழுத முன் அனுமதி வேண்டும், மீறினால் பென்ஷனில் கை வைப்போம் என்று 2021இல் விதியைத் திருத்திவிட்டார்கள். ரகசியம் காப்பது சரி. முப்பது நாற்பது வருடம் கழிந்த விஷயத்தையும் பூட்டி வைத்தால் நமக்கு மிஞ்சுவது நீங்கள் கேட்டது போன்ற உரைகள்தான்.

தங்கை மகனுக்கு: ஐ.பி.யில் உதவி மத்திய உளவு அதிகாரி வேலைக்கு உள்துறை அமைச்சகம் அவ்வப்போது தேர்வு அறிவிக்கிறது, டிகிரி போதும். இன்னொரு வழி, யு.பி.எஸ்.சி. எழுதி ஐ.பி.எஸ். ஆகி, பிறகு அயல்பணியில் ஐ.பி.க்கோ ராவுக்கோ போவது. எந்த வழியானாலும் ஜிம்முக்குப் போகும் நேரத்தில் பாதியை எடுத்து, பத்துப் பக்க அறிக்கையை ஒரு பக்கமாகச் சுருக்கி எழுதப் பழகச் சொல்லுங்கள்.