வேலையை விடாமல் நர்சிங் பிஎச்.டி.: வடசென்னை சிஸ்டர்கள் கேட்டவை

திருவொற்றியூரில் குடியிருந்து, வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக நர்சிங்கில் பிஎச்.டி. முடித்தவள் நான். இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, எம்.எஸ்சி. முடித்து ஏழு வருஷம் ஆகிறது. தபால் வழியில் பிஎச்.டி. பண்ண முடியுமா? (ராயபுரம்)

முடியாதும்மா. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிமுறை தொலைதூர, ஆன்லைன் பிஎச்.டி.யை அனுமதிக்கவில்லை. ஆனால் பகுதி நேரமாகச் சேரலாம். குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 6 ஆண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. பிரசவத்துக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு.

பகுதி நேரமாகச் சேர எங்கள் ஆஸ்பத்திரியில் தடையில்லாச் சான்று தர இழுத்தடிக்கிறார்கள். (தண்டையார்பேட்டை)

எனக்கும் அப்படித்தான். நான் வேலை பார்த்த இடத்தில் என் கடிதம் நாலு மாதம் மேஜையிலேயே கிடந்தது. அப்புறம் எந்தெந்த நாள் வகுப்பு, அன்றைக்கு என் டியூட்டியை யார் பார்ப்பார்கள் என்று ஒரு அட்டவணை போட்டு, அந்த சிஸ்டர்களின் கையெழுத்தோடு கொடுத்தேன். அடுத்த வாரமே சான்று கைக்கு வந்தது. ஆய்வுக்கு நேரம் கிடைக்கும், வகுப்புக்குத் தேவைப்பட்டால் விடுவிப்போம் என்ற இரண்டும் சான்றில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பல்கலைக்கழகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், முழுக்க ஆன்லைன் என்று விளம்பரம் வருகிறதே? (மணலி)

பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பிஎச்.டி. செல்லாது என்று யு.ஜி.சி.யும் தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022-லேயே எச்சரித்துவிட்டன.

அப்படியென்றால் வீட்டிலிருந்து எதைத்தான் செய்ய முடியும்? (எண்ணூர், இரவு ஷிஃப்ட் சிஸ்டர்)

நிறையச் செய்யலாம். அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆய்வு முறைகளுக்கான அடிப்படைப் படிப்பை இணையத்தில் நடத்துகிறது. அதை முதலில் முடித்துவிடுங்கள். ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசம். உங்கள் தலைப்பில் ஏற்கெனவே என்ன செய்திருக்கிறார்கள் என்று அங்கே பாருங்கள். மேற்கோள்களை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஸோட்டீரோ என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம். வாய்மொழித் தேர்வைக்கூட ஆன்லைனில் நடத்த விதி இடம் தருகிறது.

ஆனால் தரவை நேரில் போய்த்தான் எடுக்க வேண்டும். என் ஆய்வு காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களின் சர்க்கரை நோய்ப் பாதம் பற்றியது. பகலில் போனால் யாரும் உட்கார மாட்டார்கள். விடியற்காலை ஏலம் முடிந்து, ஐஸ் பெட்டியை மூடிவிட்டு டீ குடிக்கும் அந்தக் கால் மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும். ஈரச் செருப்பைக் கழற்றச் சொல்லி, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொடுவேன். ஒரு அம்மாவுக்குக் குதிகாலில் மீன் முள் ஏறியிருந்தது. நான் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. மரத்துப்போன பாதம் என்று பாடப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு அது புரிந்தது.

எண்ணூரில் புகைக்கும், சாம்பலுக்கும் நடுவில் இருமும் குழந்தைகளை தினமும் பார்ப்பவர் நீங்கள். தலைப்புக்கு வேறு எங்கும் அலைய வேண்டாம்.

ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர் கிடைக்கவே இல்லை மேடம். (வண்ணாரப்பேட்டை, ஆண் செவிலியர்)

தம்பி, ஒரே நேரத்தில் ஆய்வு மாணவர்களாக ஒரு பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் எடுக்கலாம். இடம் எப்போது காலியாகும் என்று இப்போதே கேட்டு வையுங்கள். கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வருவது முன்போல் சிரமமில்லை, விம்கோ நகர் மெட்ரோ நேராக கிண்டி வழியாகத்தான் போகிறது.

நம் பக்கத்து நர்ஸ்கள் அதிகம் பேர் படிக்க அரசு என்ன செய்யலாம்? (பெரம்பூர்)

இந்திய நர்சிங் கவுன்சிலும் பெங்களூரு ராஜீவ் காந்தி பல்கலைக்கழகமும் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு நர்சிங் பிஎச்.டி.க்காக ஒரு தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கின. பல மாநிலங்களில் ஆய்வு மையம் வைத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யும் அதில் ஒன்று. அதுபோல ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கம் ஒரு மையம் வேண்டும் என்பது என் ஆசை. ஒரு அறை, வீடியோ வசதி, ஆய்விதழ்களைப் படிக்க அனுமதி, மாதம் இரண்டு நாள் வந்து உட்காரும் ஒரு புள்ளியியல் ஆசிரியர். இரவு டியூட்டி முடிந்து இறங்கும் சிஸ்டர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே அது இருக்க வேண்டும்.